நாலு பேர் வேண்டாம் என்றவள்

முட்டாள்தனத்தில் எனக்குப் போட்டியே கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து வருத்தப்படுவதைவிட இது நல்லது. என் சாவுக்கு வந்த மாலையை நானே வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். போதாததற்கு, கொண்டுவந்தவரிடம் காபி குடிக்கிறீர்களா என்றும் கேட்டேன்.

நான் பம்ப்செட் விற்று ஓய்வு பெற்றவன். கிணற்றில் கிடக்கிற தண்ணீரை மேலே ஏற்றுவது பற்றிக் கேட்டால் பொழுது சாயும்வரை பேசுவேன். மேலே இருக்கிற மனுஷரைக் கீழே இறக்குவது பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அந்த வேலையைத்தான் என் தலையில் கட்டினார்கள்.

பீளமேட்டில், மூடிப்போன ஒரு மில் இருந்த இடத்தில் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு எங்களுடையது. பிள்ளைகளெல்லாம் பெங்களூரிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள். இங்கே மிஞ்சியிருப்பவர்கள் முழங்கால் வலிக்காரர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், காது கேட்காதவர்கள், கேட்டாலும் கேட்காத மாதிரி இருப்பவர்கள். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவி ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை. ஒரு கூட்டத்தில் அவர் எழுந்து, தீ கீ பிடித்தால் லிஃப்டைத் தொடக்கூடாது, படி இறங்க முடியாதவர்களை எப்படிக் கீழே கொண்டுவருவது என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். நல்ல குதிரைசக்தி உள்ள பம்ப்பாக ஒன்று போட்டு உறிஞ்சி இறக்கிவிடலாமுங்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வகுப்பில் சிரிப்பு மூட்டுகிற பையனைக் கரும்பலகைக்கு அழைக்கிற அதே குரலில், அப்போ நீங்களே ஒரு திட்டம் போட்டுக் கொண்டாங்க என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வி எனக்குள் முன்னமே ஓடிக்கொண்டிருந்ததுதான். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன. வார்த்தைகளிலும் முக்கால்வாசி போய்விட்டன. எங்கள் வீடு நாலாவது மாடி. காற்று வரும், மழை விட்ட காலையில் மேற்கே மலை தெரியும் என்று ஆசைப்பட்டு அவள்தான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு காலத்தில் லிஃப்ட் வருவதற்குள் படியேறி வந்து என்னைப் பார்த்துச் சிரிப்பாள். பக்கவாதத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர வெளியே வந்ததில்லை. அதுவும் தாழ்வாரத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, லிஃப்டில், தலையைக் குனிந்தபடி.

லிஃப்ட் இல்லாத ஒரு நாள் வந்தால் என்ன செய்வது? அவளை நான் தூக்குவது என்பது எறும்பு பூசணிக்காயைத் தூக்குகிற கதை. ஆகவே என் திட்டத்தில் ஒரு ஸ்ட்ரெச்சரும் நாலு ஆண்களும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. யாராவது ஒருவர் நோயாளியாகப் படுக்க வேண்டும். இருப்பவர்களில் எடை குறைந்தவன் நான்தான். படுத்தேன். தத்ரூபமாக இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கீழே விழுந்துவிடக்கூடாது என்று வீட்டிலிருந்த வெள்ளை விரிப்பைக் கழுத்துவரை போர்த்தி, மார்பிலும் காலிலும் துண்டால் கட்டினார்கள். நான் கட்டியிருந்ததும் வெள்ளை வேட்டி. இதற்கு மேல் நான் விவரிக்க வேண்டியதில்லை.

முன்னால் பிடித்தவர் பக்கத்து கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிற இரண்டாவது மாடிக்காரர். முதல் திருப்பத்திலேயே வண்டி நின்றுவிட்டது. தலை முன்னால் போவதா, கால் முன்னால் போவதா என்று விவாதம். கால் முன்னால் போனால் அது வேறு சமாச்சாரமாகிவிடும் என்று ஒருவர் மெதுவாகச் சொல்ல, நாலு பேரும் என்னைத் திருப்பிப் பிடிக்க முயன்று, என் தலையைக் கைப்பிடிச் சுவரில் ஒரு முறை தட்டினார்கள். நோயாளி வாய் திறக்கக்கூடாது என்று நான் பேசாமல் கிடந்தேன். மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் படியேறி வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒதுங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி நின்றார். ஒருவர் கும்பிடும்போது சும்மா இருப்பது மரியாதையா? ஒரு கண்ணைத் திறந்து தலையசைத்தேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து எழுப்பிய பிறகுதான் ஒத்திகை தொடர்ந்தது.

கீழ்த்தளத்தில் ஒரு அம்மா இந்த ஊர்வலத்தைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்திருக்கிறார். கொங்கு நாட்டில் யாரைத் தொட்டாலும் ஏதோ ஒரு வழியில் ஒறம்பரையாக, உறவாக இருப்பார்கள். அவர் அன்னூரில் இருக்கிற என் மைத்துனனுக்குப் போன் போட்டுவிட்டார். மத்தியானம் நான் தக்காளிச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கதவைத் திறந்தால் மைத்துனன். கையில் ரோஜா மாலை. கக்கத்தில் கோடித் துணி. கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் மரியாதை தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகள். அவன் மாலையை நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன்.

“நல்லாருக்கீங்களா மாமா?” என்றான்.

“இருக்கேன் மாப்ள. உள்ள வா, காபி குடிக்கிறயா?”

உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் உன்னையும் இதே மாதிரி ஜம்மென்று இறக்கப் போகிறோம் அம்மணி என்று சொல்லித் தொலைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுக்கு வார்த்தை வர நேரமாகும். வந்தது.

“நாலு பேர்... ஒருக்காத்தான்.”

மனுஷரை நாலு பேர் தூக்குவது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அதற்கு ஒத்திகை பார்க்க அவளுக்கு விருப்பமில்லை. நெருப்பு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். நீங்க போங்க, நான் இங்கயே என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் ஒன்று சொன்னால் அதில் நிற்கிறவள் என்று கல்யாணமான வாரத்திலேயே எனக்குத் தெரிந்துபோனது. மைத்துனன் கோடித் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டு, வாரேனுங்க என்று கிளம்பினான்.

திட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். ஊரையெல்லாம் இறக்குகிறவன் பெண்டாட்டியே இறங்க மாட்டேன் என்கிறாள், இதில் நான் யாருக்கு என்ன சொல்வது? அவர் கோபப்படவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

“எப்படி எறங்கறதுன்னு அவங்களைக் கேட்டீங்களா சார்?”

யோசித்துப் பார்த்தேன். பட்டறைக்காரரைக் கேட்டிருந்தேன். ஸ்ட்ரெச்சர் விற்றவரைக் கேட்டிருந்தேன். காவலாளியைக்கூடக் கேட்டிருந்தேன். இறங்க வேண்டியவளைக் கேட்கவில்லை. தோட்டத்துக்காரரைக் கேட்காமல் நான் ஒரு பம்ப்கூட விற்றதில்லை. கிணறு எவ்வளவு ஆழம், தண்ணீர் எந்த மாசத்தில் இறங்கும் என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டுத்தான் விலையே சொல்வேன்.

அவர் மறுநாள் மேலே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேள்வியைக் கேட்டுவிட்டு, பேசாமல் இருந்தார். என் மனைவி வார்த்தையைத் தேடுகிற நேரத்தில் நான் புகுந்து நாலு வார்த்தை எடுத்துக் கொடுப்பது வழக்கம். வாயைத் திறந்தேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன். மூடிவைத்திருந்த காபியில் ஆடை கட்டியது.

“உக்காந்து,” என்றாள் என் மனைவி.

அவர் காத்திருந்தார்.

“முன்னாடி பாத்து.”

இன்னும் காத்திருந்தார்.

“பொம்பளைங்க.”

படுத்து அல்ல, உட்கார்ந்து. பின்பக்கமாக அல்ல, போகிற வழியைப் பார்த்து. ஆண்கள் வேண்டாம், பெண்கள் தூக்கினால் போதும். அவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலே போதும். அந்த அம்மா அன்று காத்திருந்ததற்கு நான் இன்றுவரை ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. சொல்லப் போனால் ஏதாவது நகைச்சுவையில் போய் முடிந்துவிடுகிறது.

பட்டறைக்காரரிடம் சொன்னேன். “சேர்தானுங்க? நம்ம லேத்துல அடிச்சுப்போடலாமுங்க” என்றார். எங்கள் ஊரில் விமானமே வேண்டுமென்றாலும் இந்தப் பதிலைத்தான் சொல்வார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு வந்து படியை அளந்தார், திருப்பத்தை அளந்தார், என் மனைவியிடம் அனுமதி கேட்டு அவள் கையின் உயரத்தையும் அளந்தார். பழைய ஆபீஸ் நாற்காலி, இரும்புக் குழாய், முன்னால் பிடிக்க ஒரு கம்பி, பின்னால் ஒரு கைப்பிடி, படி விளிம்பில் உருண்டு இறங்குகிற மாதிரி பின்பக்கம் சக்கரங்கள், பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய பெல்ட். முதலில் அரிசிச் சிப்பத்தை ஏற்றி இறக்கினோம். குறையில்லாமல் இறங்கியது. அடுத்து என்னை இறக்கினார்கள். ஒரு போல்ட் கழன்றது. சிப்பத்துக்கு வாய் இல்லைங்க, அது ஆடாமல் உட்கார்ந்திருந்தது என்றார் பட்டறைக்காரர். போல்ட்டை மாற்றிவிட்டு, கைவைக்கிற இடத்தில் துணியும் சுற்றிக் கொடுத்தார்.

தூக்குவதற்கு முதல் மாடியிலிருந்து இட்லி மாவு அரைத்து விற்கிற அம்மாவும் அவருடைய நாத்தனாரும் முன்வந்தார்கள். தினமும் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுகிற கைகள். மாவுக்கார அம்மா என் மனைவியைவிட வயதில் சிறியவர். அக்கா, நீங்க பயப்படாம உக்காருங்க, நாங்க கல்லையே கீழே போட்டதில்ல என்று மட்டும் சொன்னார்.

முதல் முறை அவள் சேரில் உட்கார்ந்த நாளில் தலை வாரி, பொட்டு வைத்து, கஞ்சி போட்ட பருத்திப் புடவையைக் கட்டச் சொன்னாள். மடிப்பை நான் வைத்தேன். சரியில்லை என்று தலையசைத்தாள். மாவுக்கார அம்மா வந்து திரும்ப வைத்தார். ஒரு மாடி மட்டும், மூன்றாவது மாடிவரைதான் என்று நிபந்தனை.

அங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு நடந்தது. உடம்புக்கு முடியாதவரை வீடு தேடிப் போய்ப் பார்க்காதவர்கள், நேரில் பார்த்துவிட்டால் விசாரிக்காமல் விடலாமா? ஒவ்வொரு கதவும் திறந்தது. அம்மணி, பார்த்து எத்தனை நாளாச்சு, நல்லாருக்கீங்களா என்று ஒருவர். ஆரஞ்சுப் பழத்தோடு ஒருவர். இருங்க, ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க என்று ஒருவர். கோனியம்மன் தேர் முனைக்கு முனை நிற்கிற மாதிரி சேர் வாசலுக்கு வாசல் நின்றது. என்னைக் கும்பிட்ட அந்தப் பெரியவர், உயிரோடு இருக்கிறவர்தானே என்று என்னைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பிஸ்கட் பாக்கெட்டை அவள் மடியில் வைத்தார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயோ பாவம் என்று ஒரு சொல் யார் வாயிலிருந்தாவது விழுந்தால் அவள் இனி எந்தக் காலத்திலும் வெளியே வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பெண் குனிந்து, உங்க அரிசிம்பருப்புச் சாதம் மாதிரி எனக்கு வரவே மாட்டேங்குதுங்க அக்கா, என்ன போடுவீங்க என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. கற்றுக்கொண்டிருந்தேன்.

“பூண்டு,” என்றாள் என் மனைவி. சற்று கழித்து, “நெறைய.”

அன்று அவள் மூன்றாவது மாடியில் நிறுத்தச் சொல்லவில்லை. கீழேவரை போனாள். அந்தப் பெண்ணுக்கும், ஐயோ பாவம் என்று சொல்லாமல் மென்று விழுங்கிய அத்தனை பேருக்கும் நான் கடன்பட்டவன்.

ஆனால் தலைமையாசிரியை கொதித்துப்போயிருந்தார். நெருப்பு எரியும்போது நின்று மோர் கொடுப்பீர்களா என்று கேட்டார். இனிமேல் விசாரிப்பதெல்லாம் கீழே, கேட்டுக்குப் பக்கத்திலிருக்கிற புங்க மரத்தடியில்தான் என்று உத்தரவு போட்டார். நலம் விசாரிக்காமல் இருப்பதற்கு ஒத்திகை பார்த்தது உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். அதுவும் லேசில் வரவில்லை. படித் திருப்பத்தில் இரண்டு பேர் சந்தித்தால், நீங்க முன்னாடி போங்க, இல்லீங்க நீங்க போங்க என்று நிற்பார்கள். பின்னால் மொத்தக் கட்டடமும் நிற்கும். ஒரு ஒத்திகையில் இப்படி இரண்டு பெரியவர்கள் வழியை விட்டுக்கொடுத்துக்கொண்டே நின்றபோது, பின்னால் சேரில் இருந்த என் மனைவி இடது கையால் கம்பியைத் தட்டினாள்.

“நடங்க.”

இருவரும் நடந்தார்கள். நான் எழுதி ஒட்டிய எந்த வாசகத்துக்கும் இல்லாத மரியாதை அந்த ஒரு சொல்லுக்கு இருந்தது. அதற்குப் பிறகு ஒத்திகை என்றால் முதலில் அவளுடைய சேர்தான். மற்ற நாட்களிலும் சாயங்காலம் லிஃப்டில் இறங்கிப் புங்க மரத்தடியில் உட்கார ஆரம்பித்தாள். வீட்டுக்குள் பட்டுப்போன செடி என்று நான் நினைத்திருந்தது வெயிலைத் தேடி வளைந்தது.

நிஜமான நாள் ஒரு சாதாரண மத்தியானத்தில் வந்தது. மூன்றாவது மாடியில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில், ஆளில்லாத நேரத்தில், இன்வெர்ட்டர் பேட்டரி புகைய ஆரம்பித்திருக்கிறது. மேல் வீட்டுக்கு மாவு கொடுக்கப் போன மாவுக்கார அம்மாவின் மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. கையிலிருந்த மாவுப் போசியைக் கரண்டியால் தட்டிக்கொண்டே மேலே ஓடியிருக்கிறார்.

திட்டம் போட்ட மகாபுருஷன் அப்போது எங்கே? தெருமுனை பேக்கரியில் தேங்காய் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். யாரோ புகை என்று கையைக் காட்டினார்கள். எங்கள் கட்டடம். பன் டீக்குள் விழுந்தது. நான் ஓடினேன். இந்த வயதில் நான் ஓடுவதைப் பார்த்து நாய்கள்கூட ஒதுங்கின.

கேட்டுக்குள் நுழைந்ததும் புங்க மரத்தடியில் கூட்டம் நின்றது. யாரையும் பார்க்கவில்லை. என்னை யாரோ கூப்பிட்டார்கள். யாரென்று திரும்பவில்லை. படியடியில் ஏதோ குறுக்கே கிடந்தது. தாண்டிக் குதித்து ஏறினேன். இறங்கியவர் யாரும் திரும்ப உள்ளே போகக்கூடாது என்பது திட்டத்தின் முதல் விதி. பெரிய எழுத்தில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தது. எழுதியவன் அதைக் கடந்துதான் ஏறினான்.

மூன்றாவது மாடியில் புகை அடைத்து நின்றது. கண் தெரியவில்லை. நெஞ்சு அடைத்தது. அம்மணி என்று கத்தினேன். பதில் இல்லை. திரும்பக் கத்தினேன். இத்தனை காலமாக நான் எதைக் கேட்டாலும் அவள் ஒரு வார்த்தையில்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் பேசக்கூடாதா என்று எத்தனையோ நாள் மனசுக்குள் சலித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒற்றை வார்த்தை மட்டும் வந்தால் போதும் என்று அந்தப் புகைக்குள் நின்று கேட்டேன். வரவில்லை. மேலே ஏறக் காலை வைத்தேன். முழங்கால் மடங்கியது. உருண்டு இரண்டாவது மாடித் திருப்பத்தில் கிடந்தேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டது நடிப்புக்காக அல்ல.

பட்டறைக்காரர் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் மாவுக்கார அம்மா, கையில் அந்தச் சேர். என்னைத் தூக்கி உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, இறக்கினார்கள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது: படியடியில் நான் தாண்டிக் குதித்தது இந்தச் சேரைத்தான். காலிச் சேர். அவளை இறக்கிவிட்டுத்தான் அது காலியாகக் கிடந்திருக்கிறது.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து, பூட்டை உடைத்து, எல்லாவற்றையும் அணைத்தார்கள். அந்த வீட்டுச் சுவர் கருத்ததோடு சரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தனை முழங்கால் வலிக்காரர்களும், மூச்சு வாங்குகிறவர்களும், காது கேட்காதவர்களும் புகை அடர்வதற்கு முன்பே, ஒருவரை ஒருவர் விசாரிக்காமல், வழி விட்டுக்கொடுக்காமல், சொன்னபடி இறங்கி வந்திருந்தார்கள். அன்று அந்தக் கட்டடத்திலிருந்து ஆபத்தில் மீட்கப்பட்டவன் ஒரே ஒருவன்தான். அவனும் வெளியிலிருந்து உள்ளே போனவன்.

என்னைச் சேரோடு புங்க மரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். முதல் விதியைச் சத்தமாகச் சொல்லச் சொல்வாரோ என்று பயந்தேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு அக்கட்டால் நகர்ந்துகொண்டார். பட்டறைக்காரர் குனிந்து சேரில் போல்ட் எதுவும் கழன்றிருக்கிறதா என்று பார்த்தார். மாவுக்கார அம்மா புடவைத் தலைப்பால் என் முகத்துக் கரியைத் துடைத்தார். பெற்ற பிள்ளை பக்கத்தில் இருந்திருந்தாலும் இதற்கு மேல் என்ன செய்திருப்பான்? யாருக்கு முதலில் கைகூப்புவது என்று தெரியாமல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டேன்.

எனக்கு எதிரே, காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். புடவை மடிப்பு கலையாமல். நேராக என்னைப் பார்த்துக்கொண்டு. நாலு பேர் தூக்காமல், படுக்காமல், போகிற வழியைப் பார்த்தபடி இறங்கி வந்தவள்.

வழக்கம்போல் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் தினமும் வார்த்தையைத் தேடுவது எப்படியிருக்கும் என்று அப்போது கொஞ்சம் தெரிந்தது. அவள் காத்திருந்தாள்.

“உன்னக் காணம்னு நெனச்சு எனக்கு உசுரே போயிருச்சு அம்மணி,” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மார்பில் இறுக்கியிருந்த பெல்ட்டைப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த சேரைப் பார்த்தாள்.

“எந்திரிங்க. அது என்ற சேர்.”